இரண்டு போட்டு நான்கு எடுக்கும் நேர்த்தி

ஆம்பூர் பிரியாணியின் சீரகச் சம்பாச் சோறு செரித்துக் குளுக்கோஸாகி, ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பெண்ணின் விரல்நுனிவரை ரத்தத்தோடு ஓடுகிறது. அந்த விரலில் உள்ள ஒரே ஒரு சிவப்பணுவை மட்டும் நின்று பாருங்கள். உட்கரு இல்லை; மைட்டோகாண்ட்ரியா இல்லை. உடலுக்கெல்லாம் ஆக்சிஜன் சுமக்கும் இந்தச் சின்னஞ்சிறு தட்டு, தன் ஆற்றலுக்கென்று அதில் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. குளுக்கோஸைச் சிதைத்து ஆற்றல் எடுக்கும் கிளைக்காலிசிஸ் என்ற பத்துப் படிகளை நம்பியே ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்துவிடுகிறது. எவ்வளவு கண்ணியமான சுமைதூக்கி!

முதல் படியே அழகு. குளுக்கோஸ் வந்து அமர்ந்ததும் ஹெக்சோகைனேஸ் நொதி தன் இரு மடல்களையும் மெல்ல மூடி அதை அணைத்துக்கொள்கிறது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியில் ஒன்றைச் செலவழித்து அதன்மேல் பாஸ்பேட்டைப் பதிக்கிறது; மின்னூட்டம் ஏறிய சர்க்கரை இனி சவ்வைத் தாண்டி வெளியேறாது. மூன்றாம் படியில் இன்னொரு ஏடிபியும் செலவாகிறது. கைதேர்ந்த தோல் வியாபாரியைப் போல, முதல் போட்ட பிறகே செல் லாபம் பார்க்கிறது.

அடுத்து வரும் வெட்டு இன்னும் நேர்த்தி. ஆறு கார்பன் சங்கிலியை ஆல்டோலேஸ் நடுவில் பிரித்து, மும்மூன்று கார்பனாக இரு துண்டுகள் ஆக்குகிறது. ஒன்று நேரே அடுத்த படிக்குப் போகும், மற்றது போகாது. அதையும் வீணாக்காமல் உருமாற்றித் தருகிறது டிரையோஸ் பாஸ்பேட் ஐசோமெரேஸ். மூலக்கூறு வந்து சேரும் வேகமே அதன் வேலையின் வேகம். அதற்குமேல் ஒரு நொதியால் விரைய முடியாது. கடைசியில் நான்கு ஏடிபி கிடைக்கின்றன. போட்ட இரண்டு போக, மிச்சம் இரண்டு.

அந்தச் சிறு லாபத்திலும் சிவப்பணுவின் தாராளத்தைப் பாருங்கள். சில மூலக்கூறுகளைக் கிளைவழியில் திருப்பி, வரவேண்டிய ஏடிபியைத் துறந்து, பிஸ்பாஸ்போகிளிசரேட் செய்கிறது. அது ஆக்சிஜனைப் பற்றியிருக்கும் ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்த, திசுக்களுக்கு ஆக்சிஜன் இலகுவாக இறங்குகிறது.

இந்த ஏடிபியை 1929இல் தசையில் கண்டறிந்தவர்களுள் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து ஹார்வர்டு சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். ஜெர்மனியின் கார்ல் லோமானும் அதே ஆண்டில் கண்டார்.

வேலூர் சி.எம்.சி.யிலோ வேறெங்கோ ரத்தம் கொடுக்க நேர்ந்தால், பையின் மேல் எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள். டெக்ஸ்ட்ரோஸ் என்றிருந்தால் அது குளுக்கோஸேதான். அடினின் என்றிருந்தால் அது ஏடிபியின் ஓர் உறுப்பு. இவ்விரண்டும் சேர்ந்த கலவையில், குளிரூட்டிய நிலையில், உங்கள் சிவப்பணுக்கள் 35 நாள்வரை அதே பத்துப் படிகளில் உயிர் காத்திருக்கும்.