அரண்மனைக்குள் அமர்ந்து எழுதிய இருவர்

சிலுவைப் போர்களைப் பற்றி நம்மிடையே பேசுவோர் அவற்றின் தொடக்கத்தைப் பேசுவர், முடிவையும் பேசுவர். 1099-இல் எருசலேம் கைப்பற்றப்பட்டதும், 1187-இல் அது சலாவுதீனிடம் வீழ்ந்ததும் பலர் அறிந்தவை. இடைப்பட்ட எண்பத்தெட்டு ஆண்டுகளில் அங்கே ஓர் அரசு நடந்தது. அதில் வாரிசுச் சண்டையும், மைத்துனர் பகையும், பதவிக்குக் காத்துக் கிடந்த ஆயர்களும் இருந்தனர் என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. 'பாவத்தின் சம்பளம்' என்று ஒரு வரியில் கதையை முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரி போதுமா என்று பார்க்க விரும்புவோர்க்கு, தீர் நகரப் பேராயர் வில்லியம் இலத்தீனில் எழுதிய வரலாறு இருக்கிறது. அதனை நம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்போடு சேர்த்துப் படித்தால் இரண்டுமே கூடுதலாக விளங்கும் என்பது என் எண்ணம்.

வில்லியம் ஏறத்தாழ 1130-இல் எருசலேமிலேயே பிறந்தவர். பாரிசிலும் பொலோனாவிலும் கற்றுத் திரும்பி, அமால்ரிக் மன்னரின் மகன் பால்துவினுக்கு ஆசிரியரானவர். அவருடைய நூலில் எவரும் மறக்க முடியாத பக்கம் ஒன்றுண்டு. சிறுவர்கள் விளையாட்டாக ஒருவர் கையை ஒருவர் நகத்தால் கீறுகின்றனர். மற்றவர்கள் அலறுகின்றனர், இளவரசன் மட்டும் பேசாமல் நிற்கிறான். பொறுமை என்றே ஆசிரியர் முதலில் நினைக்கிறார். விசாரித்த பின்னரே, வலக்கையின் பாதி உணர்வற்றுப் போயிருப்பது தெரிகிறது. தொழுநோய்! இதனை எழுதும்போது வில்லியம் ஓர் உபதேசமும் செய்யவில்லை. கண்டதைச் சொல்கிறார், நகர்கிறார். ஒரு நாட்டின் தலைவிதி சிறுவனொருவனின் கையில் தென்பட்டதை இத்தனை அடக்கமாகச் சொன்ன வரலாற்றாசிரியர் வேறெவரையும் நான் படித்ததில்லை.

அந்தச் சிறுவன் 1174-இல், பதின்மூன்று வயதில், நான்காம் பால்துவினாக முடிசூடினான். பிள்ளைப்பேற்றுக்கு வழியில்லை. ஆகவே, அவன் தமக்கை சிபில்லாவை மணப்பவனே நாளைய அரசன் என்றாயிற்று. முதற்கணவர் 1177-இல் இறந்தார். 1180-இல் பிரான்சிலிருந்து வந்த கீ என்பவரை அவள் மணந்தாள். உள்நாட்டுப் பிரபுக்கள் பலர் திரிப்போலிச் சிற்றரசர் ரேமண்டின் பின்னால் நின்றனர். மன்னரின் தாயார் ஆக்னசும் அவர் கூட்டத்தாரும் மறுபக்கம் நின்றனர். வில்லியம் ரேமண்டின் பக்கம். இதை அவர் மறைக்க முயலவுமில்லை. அதே 1180-இல் எருசலேமின் முதுபெருந்தந்தைப் பதவி வில்லியமுக்கு வராமல், செசரியாப் பேராயர் எராக்ளியசுக்குப் போயிற்று. அவர் ஆக்னசின் ஆதரவு பெற்றவர். எனவே, கீயைப் பற்றியும் ஆக்னசைப் பற்றியும் வில்லியம் சொல்லும் கடுஞ்சொற்களை நாம் தராசில் இட்டே வாங்க வேண்டும்.

ஆயினும் அவர் எழுத்து நேர்மையானது என்றே கூறுவேன். 1183-இல் ஆட்சிப் பொறுப்பு கீயிடம் இருந்தபோது சலாவுதீன் படையெடுத்து வந்தார். பெரும்படை திரண்டும் கீ போரிடாமல் நின்றார். சில நாளில் சலாவுதீன் திரும்பிப் போனார். கோழைத்தனம் என்று ஊர் தூற்றியது. வில்லியமும் குறை சொல்கிறார். ஆனால் உடனே, கீக்குப் புகழ் சேர்ந்துவிடக் கூடாதென்று பிரபுக்களே வேண்டுமென்று ஒதுங்கி நின்றதாகவும் ஒரு பேச்சு உண்டு என்று எழுதிவிடுகிறார். அது தம் சொந்தக் கட்சியின் மீது விழும் பழி என்பதை அறிந்தே எழுதுகிறார். போரிடாமல் நின்றதே அன்று அறிவுடைமை என்று இக்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அந்த ஏச்சு கீயின் நெஞ்சில் தைத்திருக்க வேண்டும். 1187-இல் திபேரியா முற்றுகையிடப்பட்டது. உள்ளே இருந்தது ரேமண்டின் மனைவி. அப்படியிருந்தும் போகவேண்டாம் என்றார் ரேமண்ட். மன்னராகிவிட்டிருந்த கீ, இரவோடு இரவாக மனம் மாறிப் படையை நீரற்ற வழியில் நடத்தினார். ஜூலை 4-ஆம் நாள் ஹத்தினில் அந்தப் படை அழிந்தது.

வில்லியம் அதற்குள் மறைந்துவிட்டார். ஆனால் சலாவுதீனின் வலிமை ஏன் பெருகுகிறது என்று இடையில் ஓர் அதிகாரத்தில் அவரே கேட்டு, மூன்று காரணம் சொல்லியிருக்கிறார். முதலாவது, நம் பாவம். மூன்றாவதைப் பாருங்கள்: முன்பு நகருக்கொரு தலைவனாகப் பிரிந்து கிடந்த இசுலாமிய நாடுகள் இப்போது ஒரே ஆட்சியின் கீழ் வந்துவிட்டன. பேராயராக முதற்காரணத்தைச் சொன்னார். அரசின் தலைமைச் செயலராக மூன்றாவதைச் சொன்னார். நம் மேடைகளில் முதலாவது மட்டுமே ஒலிப்பது ஏனோ?

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1740 முதல் 1752 வரை ஆர்க்காட்டு நவாபு பதவியில் அமர்ந்தோரும் அதைக் கோரியோருமாக ஐவர் மாண்டனர். ஒருவரும் நோயினால் அன்று. தோஸ்த் அலி மராட்டியருடன் போரிட்டு வீழ்ந்தார். மகன் சப்தர் அலியை 1742-இல் வேலூரில் கொல்வித்தவர் அவர் சகோதரியின் கணவரான முர்தசா அலி. சப்தர் அலியின் சிறு மகன் 1744-இல் ஆர்க்காட்டில் ஒரு திருமண வீட்டில் குத்திக் கொல்லப்பட்டான். அவனுக்குக் காப்பாளராக வந்த அன்வாருதீன் நவாபு ஆனார். 1749 ஆகஸ்டு 3 அன்று ஆம்பூரில் மாண்டார். அவரை வென்ற சந்தா சாகிபின் தலை 1752-இல் போயிற்று. எருசலேமிலும் ஒரு குழந்தை மன்னன் உண்டு: சிபில்லாவின் மகன் ஐந்தாம் பால்துவின், 1186-இல் இறந்தவன். இரு நாட்டிலும் குழந்தையின் சாவே அடுத்தவனுக்கு வாசல் திறந்தது.

நம் திமிரியும் இக்கதையில் உண்டு. 1751 செப்டம்பரில் ஆர்க்காட்டைப் பிடித்த கிளைவ், திமிரிக்கு இருமுறை வந்தார். ஒரு தோப்பிலும், தூர்ந்து வற்றிய குளக்கரையிலும் சண்டை நடந்தது. கோட்டையைப் பணியச் சொன்னார். அவரிடம் முற்றுகைப் பீரங்கி இல்லை என்பதைக் கண்ட கோட்டைத் தலைவர் மறுத்துவிட்டார். நவம்பரில் அது பணிந்தது. இதையெல்லாம் எழுதி வைத்தவர் ஆங்கிலேயரான ஓர்ம். அவர் நூலில் நம்மவர் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருகின்றனர், பேசுவதில்லை.

பேச்சைக் கேட்க வேண்டுமானால் பிள்ளையிடம்தான் போகவேண்டும். 1736-இல் தொடங்கி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு அவர் எழுதினார். புதுச்சேரியில் தூப்ளேயின் தலைமைத் துபாசியாக இருந்தார். யார் வந்தார், என்ன நசர் வைத்தார், எத்தனை பீரங்கி போட்டார்கள் என்பதெல்லாம் வணிகனின் கணக்குப் போலப் பதிவாகியுள்ளன. வில்லியம் முடிவு கண்டபின் திரும்பிப் பார்த்து எழுதுகிறார். பிள்ளைக்கு நாளை என்ன நடக்கும் என்பது தெரியாது. அவர் நடையின் உயிர் அதில்தான் இருக்கிறது. வில்லியமுக்கு எராக்ளியசு எப்படியோ, பிள்ளைக்குத் துபாசிப் பதவியில் போட்டியிட்ட அன்னபூர்ண ஐயன் அப்படி. வில்லியம் பாவம் என்னும் இடத்தில் பிள்ளை கிரகபலன் என்பார். பிறகு அவரும் பணத்தையும் பகையையும் சொல்லிவிடுவார்.

கத்தோலிக்கராகிய நமக்கு அந்நாட்குறிப்பில் கடக்க எளிதல்லாத பகுதி ஒன்றுண்டு. 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. தூப்ளேயையும் அவர் மனைவியையும் இயேசு சபைக் குருக்களையும் பிள்ளை வேதனையோடு குற்றம் சாட்டுகிறார். முறையிட வந்து அதட்டலுக்கு அஞ்சிக் கலைந்த தம் நாட்டார்களையும் அவர் விடவில்லை. இப்பகுதியை 'பிற சமயத்தவர் கோபம்' என்று தள்ளிவிடுவோர் உண்டு. அப்படியானால், பேராயராக இருந்துகொண்டே கோவில் வீரர் சபையையும் தம் முதுபெருந்தந்தையையும் குறைகூறிய வில்லியமை என்ன செய்வது? அதிகாரத்தின் தோளில் திருச்சபையினர் கைபோட்டு நின்ற நாள்களை உள்ளே இருந்தவர் எழுதினாலும், வெளியே இருந்தவர் எழுதினாலும், சாட்சியம் என்ற மதிப்பு ஒன்றே.

பிள்ளை 1761 சனவரியில், புதுச்சேரி வீழ்வதற்குச் சில நாள் முன் இறந்தார். வில்லியமின் இருபத்து மூன்றாம் புத்தகம், இந்த அவலத்தை எழுதக் கை வரவில்லை என்ற முன்னுரையோடு தொடங்குகிறது. பிறர் வற்புறுத்தலால் தொடர்வதாகச் சொல்கிறார். அதன்பின் ஒரே ஓர் அதிகாரம். ஆட்சிப் பொறுப்பு ரேமண்டிடம் ஒப்படைக்கப்படுவதோடு அது நின்றுபோகிறது.