முழுக்கோவைக் கச்சேரி

ஒரு பாடகர், ஒரு பியானோ கலைஞர், ஒரே பாடற்கோவை. இடைவேளை கிடையாது, நடுவில் கைதட்டலும் கிடையாது. ஜெர்மன் கலைப்பாடல் கச்சேரி இன்று இந்த வடிவத்தையே தன் உச்சமாகக் கொண்டாடுகிறது. முன்னணியில் நிற்பது ஷூபெர்ட்டின் 'வின்டர்ரைசே': 24 பாடல்கள், ஏறத்தாழ 75 நிமிடம். இதைப் பாடி முடித்தால்தான் ஒரு பாடகர் தேறியவர் என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. கோவையாக எழுதப்பட்டதைக் கோவையாகவே பாட வேண்டும், பிரித்துப் பாடுவது இசையமைப்பாளருக்குச் செய்யும் அநீதி என்பது இந்த வழக்கத்தை ஆதரிப்போரின் வாதம்.

அந்த வாதம் செல்லுபடியாகும் இடங்கள் உண்டு. பீத்தோவன் 1816இல் எழுதிய 'அன் டீ ஃபெர்னெ கெலீப்டெ'யில் ஆறு பாடல்களையும் பியானோவே ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது. எங்கும் வெட்ட முடியாது. ஷூமனின் 'டிஷ்டர்லீபே'யில் முதல் பாடல் முடிவு காணாமல் அந்தரத்தில் நிற்கிறது. பன்னிரண்டாம் பாடலின் பியானோ முடிப்பு, பதினாறாம் பாடலின் இறுதியில் மீண்டும் வருகிறது. தொடர்ந்து கேட்பவருக்கே இந்த நயங்கள் பிடிபடும். 'வின்டர்ரைசே'யை நல்ல இணை ஒன்று ஒரே வீச்சில் வழங்கும்போது அரங்கில் கூடும் அடர்த்தியையும் யாரும் மறுக்க முடியாது.

ஆனால் ஷூபெர்ட்டின் பெயரால் இந்த வழக்கத்துக்கு நியாயம் தேடுவது வரலாற்றோடு ஒட்டவில்லை. அவர் பாடல்கள் முதலில் நண்பர்களின் வீட்டுக் கூடங்களில் பாடப்பட்டவை. 1823இல் எழுதிய 'டி ஷோனெ முல்லரின்' கோவையைப் பொது மேடையில் முதன்முதலாக முழுதாகப் பாடியவர் ஜூலியஸ் ஸ்டாக்ஹவுசன். இடம் வியன்னா, ஆண்டு 1856. இசையமைப்பாளர் இறந்து அதற்குள் ஏறத்தாழ 28 ஆண்டுகள் கடந்திருந்தன. தம் இசைக்கென்றே ஷூபெர்ட் வாழ்நாளில் நடத்திய ஒரே பொதுக் கச்சேரி 1828 மார்ச் 26இல் வியன்னாவில் நடந்தது. அதில் பியானோ டிரியோ இருந்தது, நால்வர் தந்தி இசை இருந்தது, குழுப்பாடல் இருந்தது, கொம்பு வாத்தியத்தோடு ஒரு பாடல் இருந்தது, பாடகர் ஃபோகல் பாடிய தனிப்பாடல்களும் இருந்தன. 'வின்டர்ரைசே'யின் முதல் பகுதி அச்சாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதிலிருந்து ஒரு பாடல்கூட நிகழ்ச்சியில் இடம்பெறவில்லை.

'வின்டர்ரைசே'யின் வரிசையே இன்று அதன்மீது ஏற்றப்படும் பாரத்தைத் தாங்காது. வில்ஹெல்ம் முல்லரின் கவிதைகளில் பன்னிரண்டை மட்டும் ஓர் இலக்கிய ஆண்டுமலரில் கண்ட ஷூபெர்ட், அவற்றுக்கு இசையமைத்துக் கையெழுத்துப் படியில் பன்னிரண்டாம் பாடலின் கீழ் 'முற்றும்' என்றும் எழுதிவிட்டார். 24 கவிதைகளும் அடங்கிய நூல் பிறகுதான் அவர் கைக்கு வந்தது. விடுபட்டவற்றை எடுத்து இரண்டாம் பகுதியாகச் சேர்த்தார். முல்லரின் நூலில் 'லின்டன்பாவும்' கவிதைக்கு அடுத்து ஆறாவதாக வரும் 'டி போஸ்ட்', ஷூபெர்ட்டிடம் பதின்மூன்றாவதானது இப்படித்தான். பன்னிரண்டாம் பாடலின் தனிமைக்குப் பிறகு தபால் வண்டியின் கொம்பு ஒலிப்பதை நாயகனின் மனப் போக்கில் ஒரு திருப்பமாக விளக்கி நிகழ்ச்சிக் கையேடுகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. எந்த நூல் எப்போது கைக்குக் கிடைத்தது என்பதன் விளைவு அது.

சுருதி அமைப்பைக் காட்டி வாதிடுவோரும் உண்டு. கடைசிப் பாடலான 'லையர்மன்', கையெழுத்துப் படியில் பி மைனர். அச்சில் ஏ மைனர். தாழ்குரல் பதிப்புகளிலோ எல்லாப் பாடல்களும் ஒரே அளவில் இறக்கப்படுவதில்லை. அப்பதிப்பை வைத்துப் பாடும் பேரிடோன், சுருதிகளின் உறவைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ள இடமில்லை.

'ஸ்வானென்கெசாங்' விஷயம் இன்னும் மோசம். ஷூபெர்ட் இறந்த பின், 1829இல், பதிப்பாளர் ஹாஸ்லிங்கர் 14 பாடல்களைத் திரட்டிப் பெயர் சூட்டி விற்ற தொகுப்பு அது. கவிஞர்கள் மூவர், கதை எதுவும் இல்லை. 'டாப்பல்கேங்கர்' பாடலின் திகிலுக்குப் பிறகு 'டவுபன்போஸ்ட்' துள்ளி வருவதை என்ன செய்வதென்று தெரியாமல், பாடகர்கள் பலர் அதைத் தனியே ஒதுக்கி, கைதட்டலுக்குப் பிறகு பாடுகிறார்கள். ஒரு பதிப்பாளரின் வியாபார யோசனைக்குக் காவியத்தின் மரியாதை கிடைத்திருக்கிறது.

இவையெல்லாம் வரலாற்றுப் பிழைகள் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இந்த வழக்கம் பாடும் முறையையே கெடுக்கிறது. 'லின்டன்பாவும்' இதற்குச் சரியான சான்று. பியானோவில் இலைகள் சலசலக்கின்றன. முதல் பகுதி ஈ மேஜரில், நாட்டுப்பாடல் போன்ற எளிய மெட்டில், பழைய சுகத்தை நினைக்கிறது. இரவில் மரத்தைக் கடந்துபோகும் நினைவு வரும்போதுதான் மைனருக்குத் திரும்புகிறது. இந்த மாற்றம் உறைக்க வேண்டுமானால் முதல் பகுதியில் குரல் முழு நிறைவோடு, சந்தேகமின்றி ஒலிக்க வேண்டும். முழுக்கோவை பாடுபவர் இருபத்துநான்காம் பாடலை மனத்தில் சுமந்துகொண்டே ஐந்தாம் பாடலைத் தொடங்குகிறார். முதல் அடியிலேயே குரல் வெளுத்துவிடுகிறது, வேகம் தளர்கிறது. மைனர் வரும்போது புதிதாக இருட்ட ஒன்றும் மிச்சமில்லை. பாடலுக்குள் நடக்க வேண்டிய நாடகத்தைக் கோவையின் நாடகம் விழுங்கிவிடுகிறது. பியானோ கலைஞருக்கும் இதே கதிதான்: இரண்டு மூன்று பட்டைகளில் ஒரு புதிய உலகத்தை எழுப்பிக் காட்டும் கலை அவருடையது, இங்கே எல்லா முன்னிசையும் ஒரே துயரத்தின் அடுத்த கட்டமாகத் தேய்ந்துபோகிறது.

மிகப் பெரிய இழப்பு, பாடப்படாமல் போகும் பாடல்கள். ஷூபெர்ட் எழுதியவை 600க்கும் மேல். பதினான்கே பட்டைகளில் முடியும் 'வான்டரர்ஸ் நாக்ட்லீட்' இரண்டாம் பாடலுக்கும், ஒரு சுருதியில் தொடங்கி வேறொன்றில் போய் முடியும் 'கானிமெட்'டுக்கும், 'ட்ஸ்வெர்க்' போன்ற கொடூரக் கதைப்பாடலுக்கும் முழுக்கோவை மாலையில் இடமில்லை. ஹ்யூகோ வோல்ஃப் 1888இல் எழுதிக் குவித்த 53 மோரிக்கெ பாடல்களைக் கதையாகக் கோக்க முடியாது. ஆகவே அவை உதிரிகளாகின்றன. பெரிதும் தனிப்பாடல்களாகவே எழுதிய ஃபேனி ஹென்சல் வாசலிலேயே நின்றுவிடுகிறார். நான்கைந்து பாடல்கள் கொண்ட சிறு கொத்துகளாக, கவிஞர்வாரியாகவோ மனநிலைவாரியாகவோ அமைத்த பழைய நிகழ்ச்சி முறையில் இவர்கள் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு பாடலுக்கு முன்னும் பின்னும் எதை வைப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு கலைஞர்களிடம் இருந்தது. அந்தப் பொறுப்பைப் பதிப்பாளரின் அட்டைக்கு ஒப்படைத்ததை நேர்மை என்று புகழ்வது தவறு.

கோவைகளை மேடையிலிருந்து இறக்க வேண்டியதில்லை. 'வின்டர்ரைசே'யை அச்சில் வந்தபடியே இரண்டு பகுதிகளாக, நடுவில் இடைவேளை விட்டுப் பாடலாம். முதல் பன்னிரண்டை மட்டும் பாடி நிறுத்தினாலும் அது ஷூபெர்ட் ஒருமுறை 'முற்றும்' போட்ட வடிவம்தான். 'ஸ்வானென்கெசாங்' தொகுப்பில் கவிஞர் ஹைனெயின் வரிகளுக்கு அமைந்த ஆறு பாடல்கள் தனிக் கொத்தாக நன்றாக நிற்கும். 'டவுபன்போஸ்ட்', அதன் கவிஞர் ஸைடலின் வரிகளுக்கு ஷூபெர்ட் இசையமைத்த மற்றப் பாடல்களோடு சேர்ந்து, எந்தத் திகிலுக்கும் பதில் சொல்லும் கடமையின்றி ஒலிக்கும்.