விடுதலைக்குப் பின் ஒரு வீடு: மார்கரெட் வாக்கரின் ‘ஜூபிலி’

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் அடிமை வாழ்வையும் மீட்சியையும் பாடுபொருளாகக் கொண்ட வரலாற்றுப் புதினங்களுள் டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) முதலிடம் பெறுவது இயல்பே. 1988இல் புலிட்சர் பரிசு பெற்ற அப்புதினத்தின் ஒளியில், அதற்கு 21 ஆண்டுகள் முன்னரே வெளிவந்த மார்கரெட் வாக்கரின் ‘ஜூபிலி’ (1966) மங்கித் தெரிகிறது. நேர்கோட்டுக் கதை, எளிய நடை, பழைய நடப்பியல் என்று அதனைச் சில சொற்களில் கடந்து செல்வாரும் உளர். இம்மதிப்பீடு மறு ஆய்வுக்குரியது என்பது நம் கருத்து.

‘ஜூபிலி’ 1965இல் அயோவா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்காக அளிக்கப்பெற்ற படைப்பாகும். (புதினம் ஒன்றையே ஆய்வேடாக ஏற்றுக்கொண்ட துணிவை நம் துறைகள் எண்ணிப்பார்க்கலாம்.) தம் கொள்ளுப்பாட்டியைப் பற்றிப் பாட்டி வாய்மொழியாகக் கூறியவற்றை, ஆவணங்களோடு ஒப்புநோக்கிப் பல்லாண்டு உழைத்து வாக்கர் புதினமாக்கினார். கதைத்தலைவி வைரி, ஜார்ஜியா மாநிலத் தோட்ட உரிமையாளன் ஒருவனுக்கும் அவனுடைய அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவள். விவிலியம் கூறும் யூபிலி ஆண்டில் அடிமைப்பட்டோர் தத்தம் நிலத்திற்கும் குடும்பத்திற்கும் திரும்புவர். வைரிக்கோ திரும்பிச் செல்ல நிலமே இல்லை. தலைப்பின் கசப்பு இங்கேதான் உள்ளது.

போருக்கு முன், போர்க்காலம், போருக்குப் பின் என மூன்று பகுதிகளாக அமைந்த இப்புதினத்தில் நாம் நின்று நோக்கவேண்டியது மூன்றாம் பகுதியே. 1863 சனவரி முதல் நாள் லிங்கனின் பிரகடனம் நடப்புக்கு வந்தது. 1865 டிசம்பரில் 13ஆம் சட்டத்திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ‘விடுதலை’ என்பது ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல். விடுபவன் ஒருவன் இருப்பதை அது குறிப்பாக உணர்த்துகிறது. விடப்பட்டவள் எங்கே போவாள், எதை உண்பாள் என்பது குறித்து அச்சொல் ஏதும் கூறுவதில்லை. வாக்கரின் மூன்றாம் பகுதி எழுவது இந்த இடத்திலிருந்துதான்.

வைரி உடனே வெளியேறவில்லை. மனநிலை பிறழ்ந்துபோன எசமானியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. கணவன் ராண்டல் வேர் திரும்பி வருவான் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. பின்னர் இன்னிஸ் பிரவுன் என்பவனோடும் தன் பிள்ளைகளோடும் அலபாமாவுக்குச் செல்கிறாள். முதல் வீட்டை வெள்ளம் கொள்கிறது. அடுத்து வாரத்திற்கு உழுத நிலத்தில், நிலக்காரனின் கடன் கணக்கு அவர்களைக் கட்டிப்போடுகிறது. தாமே எழுப்பிய மூன்றாம் வீட்டைக் கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் எரித்துவிடுகின்றனர். இயற்கை, கணக்கேடு, வன்முறை என மூன்று தடைகளையும் ஆசிரியர் சொற்பெருக்கின்றி, தச்சனும் உழவனும் பேசும் மொழியில் சொல்லிச் செல்கிறார். நடையின் எளிமை இங்குக் குறையாகாது; இழந்த பொருள்கள் ஒவ்வொன்றையும் எண்ணிச் சொல்வதற்கு ஏற்ற நடை அதுவே.

கிரீன்வில் ஊரில் வைரியின் மருத்துவச்சித் தொழிலைக் கண்டு வெள்ளையர்கள் திரண்டு வந்து வீடு கட்டித்தரும் பகுதி மட்டும் நம்மை முழுமையாக நம்பவைக்கவில்லை. அதற்கு முந்திய பக்கங்கள் எழுப்பிய அச்சம் மிக விரைவில் ஆறிவிடுகிறது.

‘பிலவ்ட்’ நாயகி சேத்தின் முதுகிலும் தழும்பு உண்டு. 1856இல் கென்டக்கியிலிருந்து தப்பியோடி, பிடிபடும் வேளையில் தன் மகளைக் கொன்ற மார்கரெட் கார்னரின் செய்தியே அப்புதினத்திற்கு வித்து. சேத் தன் தழும்பைக் காண இயலாது. அதனை மரமாகப் படித்துச் சொல்பவள் வேறொருத்தி. உவமை அழகியது, ஆயினும் பிறர் தந்தது. வைரியின் தழும்போ, பிள்ளைகளை விட்டுச்செல்ல மனமின்றி அவர்களோடு தப்ப முயன்று பிடிபட்டபோது பெற்ற கசையடியின் சுவடு. அதனை உவமையாக்க வாக்கர் முயலவில்லை. நெடுங்காலம் மறைத்துவைத்திருந்த முதுகை, புதினத்தின் இறுதியில் இரண்டு ஆண்களின் முன்னிலையில் அவளே திறந்து காட்டுகிறாள்.

அவ்விருவரும் யாவர் என்பதும் கருதத்தக்கது. ஒருவன் பல்லாண்டு கழித்துத் திரும்பிவந்த ராண்டல் வேர். மற்றவன் அவளோடு மூன்று வீடுகளையும் இழந்த இன்னிஸ். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்காத காலத்தில் முதல் மணம் நிகழ்ந்தது. இப்போது தெரிவு அவளுடையது. கல்வியும் அரசியல் தெளிவும் உடைய முதற்கணவனை விடுத்து, எழுத்தறியாத உழவனாகிய இன்னிஸோடு வாழவே வைரி முடிவு செய்கிறாள். மகன் ஜிம்மைப் பள்ளிக்கு அனுப்பத் தந்தையோடு வழியனுப்பிவைக்கிறாள்.