தேசவழமையும் தீவகத்து மௌனமும்

யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமையை ஆராய்வோர் தேசவழமையைச் சட்டநூலாகவே கொள்வர். அது ஒரு சமூக ஆவணமுமாகும். ஒல்லாந்த ஆள்பதி சிமன்ஸின் பணிப்பின் பேரில், யாழ்ப்பாணத்துத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் 1707ஆம் ஆண்டு இதனைத் தொகுத்தார். அதன் தமிழாக்கத்தைப் பன்னிரண்டு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். 1806இல் ஆங்கிலேய ஆட்சி அதற்குச் சட்டவலு வழங்கியது. பெற்றோர் தம் வளர்ந்த பிள்ளைகளுடன் சொத்தைப் பற்றி எப்போது, எவ்வாறு பேசுகின்றனர் என்னும் ஒரு வினாவை மட்டும் இந்நூலிடம் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைப்படுத்தும் இந்நூலின் பாகுபாடு தெளிவானது. எனினும், குடும்பத்தினர் வாய்திறந்து பேசியே ஆகவேண்டிய கட்டங்களாக இரண்டினை மட்டுமே அதிற் காண்கிறோம். ஒன்று, மகளின் திருமணம். அவ்வேளையில் சீதன ஓலை எழுதப்படுகிறது; இன்ன நிலம், இன்ன நகை என்பது யாவருமறிய வரையறுக்கப்படுகிறது. அவ்வாறு பெற்ற சீதனத்தைப் பத்தாண்டுகளுக்குள் ஆட்சிப்படுத்தாத மகள் அதன்மீதான உரிமையை இழப்பாள் என்றும் விதிக்கப்பட்டுள்ளது. மற்றையது, நிலவிற்பனை. விற்க விரும்புவோர் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முன்னறிவித்தல் வேண்டும். பேச்சைக் கடமையாக்கிய இவ்விரு விதிகளும் போற்றத்தக்கனவே.

ஆயினும், சீதன ஓலையின் முன் நிகழும் பேச்சு மகளோடு நிகழும் பேச்சன்று. மகளைப் பற்றிச் சம்பந்திகளுக்கிடையே நிகழும் பேச்சு என்பது மனங்கொள்ளத்தக்கது. மகனின் நிலை இன்னும் வேறானது. பெற்றோர் உயிரோடிருக்கும் வரை அவன் பங்கு கேட்க இயலாது. மணமாகுமுன் ஈட்டியதையும், அணிந்த நகைகள் நீங்கலாக, குடும்பப் பொதுச்சொத்திற் சேர்த்தல் வேண்டும். தந்தையின் மரணமே அவனுடன் பேசும் முதற்பேச்சாக அமைகின்றது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் இவ்விதிகளிற் பலவற்றை மாற்றின. ஆனால், விதி மாறிய வேகத்தில் வீட்டு வழக்கம் மாறவில்லை.

கூட்டுக்குடும்பம் ஒரே ஊரில் வாழ்ந்த காலத்தில் இம்மௌனம் பெருந்தீங்கு விளைத்திருக்க மாட்டாது. எந்தப் பனை எவருக்கு, எந்தக் கிணற்றில் எவருக்குப் பங்கு என்பதை உறுதி வாசிக்காதவரும் அறிந்திருந்தனர். நெடுந்தீவிலே முருகைக்கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகள் எல்லையைக் காட்டின. அவ்வெல்லைக்குள் எவர் உரித்தாளர் என்பதை ஊரார் நினைவு காட்டிற்று. 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களிலிருந்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது சிதைந்தது அந்த நினைவேயாகும். இன்று ஒரு காணியின் பங்காளர் கொழும்பிலும் பாரிசிலும் தொரன்ரோவிலும் வாழ்கின்றனர். பதினாறு பரப்புக் கொண்ட ஓர் ஏக்கர், ஒவ்வொரு தலைமுறையிலும் நால்வருக்குப் பங்கிடப்படின், மூன்றாம் தலைமுறையில் ஒருவருக்குக் காற்பரப்பே எஞ்சும். அக்காற்பரப்புக்காக அறுபத்துநால்வரின் கையொப்பத்தைத் தேட நேரும்போது, கூரை சரிந்த வீட்டைத் திருத்தவும் எவரும் முன்வருவதில்லை.

இந்நிலையில், பிள்ளைகள் கேட்கத் தயங்குவதையும் பெற்றோர் சொல்லத் தயங்குவதையும் நாம் பண்பாடு என்று புகழ்ந்து கொள்கிறோம். “எல்லாம் உங்களுக்குத்தானே” என்பது எம் வீடுகளில் வழங்கும் வாக்கியம். அன்பு நிறைந்த இவ்வாக்கியத்தில் ‘உங்களுக்கு’ என்ற பன்மையே இடர்ப்பாடு. ஊரிலிருந்து பெற்றோரைப் பராமரித்த மகள் அதனை ஒரு பொருளிலும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வீடு கட்டுவித்த மகன் வேறொரு பொருளிலும் கேட்கின்றனர். இருவரும் தம் விளக்கத்தையே பெற்றோரின் விருப்பமாக நம்புகின்றனர். பின்னர் எழும் வழக்குகளுக்குப் பேராசை மட்டுமே காரணம் எனல் பொருந்தாது.

உயிரோடிருக்கும்போதே பேசினால் பிள்ளைகள் நெருக்குவர், எழுதிக் கொடுத்தபின் கைவிடுவர் என்று முதியோர் அஞ்சுவது நியாயமானதே. அவ்வாறு கைவிடப்பட்டோர் எம் ஊர்களில் உளர். ஆனால், பேசுதல் வேறு, கைமாற்றுதல் வேறு. சீவிய உரித்தைத் தமக்கென ஒதுக்கி வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி எழுதலாம். மரணசாதனம் எழுதின், வாழ்நாள் முழுவதும் அதனை மாற்றும் உரிமை அவர்களிடமே இருக்கும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, மரணசாதனம் நொத்தாரிசுடன் இரு சாட்சிகள் முன்னிலையிலோ, நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகள் முன்னிலையிலோ ஒப்பமிடப்படல் வேண்டும். மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என 1911ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தமையால், கணவன் காணாமற்போன அல்லது பிரிந்து வாழும் தாய்மார் நீதிமன்றின் அனுமதியை நாடவேண்டியவராயினர். இத்தகைய சிக்கலைத் தாய் உயிரோடிருக்கையில் அறிந்துகொள்ளும் பிள்ளைகளே அதற்கு உதவவும் முடியும்.

யுத்தத்தால் தம் காணியுரிமையை உரிய காலத்திற் கோர இயலாதுபோனோருக்கு, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் குறித்த ஒரு காலத்துக்குச் சலுகை அளித்தது. எனினும், எது தம் காணி என்பதை அறியாத பிள்ளைக்கு எச்சலுகையும் பயன்படாது. உறுதிகள் எங்கே உள்ளன, எவை பிரிபடாத பங்குகள், எவருக்கு என்ன வாக்களிக்கப்பட்டது என்பவற்றைப் பெற்றோர் மக்கள் அனைவர் முன்னிலையிலும் ஒருமுறையேனும் சொல்லுதல் வேண்டும். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குக் குறிகட்டுவானிற் படகேறி வரும் குடும்பங்கள் பல. பிள்ளைகள் ஒருங்கே கூடும் அந்நாட்கள் இதற்கு ஏற்றவை. மகளும் மருமகனும் மட்டுமன்றி மகனும் மருமகளும், மணமாகாத பிள்ளையும் அங்கு அமர்ந்திருத்தல் வேண்டும். சீதன ஓலையை ஊரறிய எழுதிய சமூகத்துக்கு இது புதிய துணிவன்று. திருமணத்துக்கு மட்டும் காட்டிய அத்துணிவை முதுமைக்கும் காட்டுமாறே நாம் கேட்கிறோம்.