தாங்குவதா, தள்ளுவதா?

மண்ணியல், பயிரியல் பற்றித் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகள் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அவற்றில் வழங்கும் சொற்களை நிறுத்துப் பார்க்கும் கடமை ஆசிரியர்க்கு உண்டு. போரான் என்னும் தனிமத்தை விளக்குவோர் எளிதில் கையாளும் இரண்டினை இங்கு ஆராய்வோம். ஒன்று, 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் பழமொழி. மற்றொன்று, 'தாங்கும் பயிர்' என்னும் தொடர்.

போரான் பயிருக்கு இன்றியமையாதது என்பதை 1923ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காத்தரின் வாரிங்டன் என்னும் அம்மையார் அவரையினச் செடிகளைக் கொண்டு நிறுவினார். தோட்டப்புறத்தார்க்கு இது புதிய செய்தியன்று. போரான் குறைந்தால் செம்பனையின் இளமட்டை குறுகும். ஓலை நுனி கொக்கிபோல் வளையும். அதனைத் தடுக்கவே போரான் உரம் இடுகின்றனர். மிகுந்தாலோ, தானியப் பயிர்களில் இலை நுனி கருகும். நீரோடு மேலேறும் போரான், நீர் ஆவியாகிய பின் நுனியிலேயே தங்கிவிடுவதே காரணம். இதுவரை பழமொழி பொருந்துகிறது.

ஆனால், யாருடைய அளவு? தென் ஆஸ்திரேலியாவில் மழை குறைந்த வயல்கள் பலவற்றில் அடிமண்ணில் போரான் இயற்கையாகவே மிகுந்துள்ளது. கிளாட்ஸ்டன் என்னுமிடத்தில் பார்லிப் பயிருக்கு நேர்ந்த இத்தீங்கு 1984இல் ஆராய்ந்து வெளியிடப்பட்டது. அதனைக் கழுவி வெளியேற்றப் போதிய மழையில்லை. அடிமண்ணை மாற்றுதலும் இயலாது. ஆகவே அறிஞர்கள் பயிர் வகைகளை ஒப்புநோக்கினர். ஒரே மண்ணில் ஒரு வகை கருகிற்று. மற்றொன்று பசுமையாய் நின்றது. 'ஹால்பர்டு' என்னும் கோதுமை இவ்வாறு நின்ற வகைகளுள் ஒன்று. எனவே அளவு என்பது போரானை மட்டும் பொறுத்ததன்று. பயிரையும் அதன் வகையையும் பொறுத்தது. இவ்வுண்மையைப் பழமொழி மறைத்துவிடுகிறது.

இனி, 'தாங்கும்' என்னும் சொல். இதனைக் கேட்கும் மாணவன், நஞ்சை உடலுக்குள் சுமந்துகொண்டு பல்லைக் கடித்து நிற்கும் ஒரு செடியையே எண்ணுவான். உண்மை யாது? அல்ஜீரியாவில் தோன்றிய 'சகாரா 3771' என்னும் பழைய பார்லி வகை போரான் மிகுதியை நன்கு எதிர்ப்பது. அதன் இலையில் போரான் குறைவாகவே உள்ளது. 2007இல் அடிலெய்டு அறிஞர்கள் காரணத்தைக் கண்டனர். உள்ளே புகுந்த போரானை வெளியே தள்ளும் புரதம் ஒன்று அதன் வேரில் உண்டு. அதற்குரிய மரபணுவின் படிகள், எளிதில் கெடும் வகைகளில் உள்ளதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இதில் உள்ளன. இது தாங்குதல் ஆகுமா? தள்ளுதல் அன்றோ!

எல்லாப் பயிரும் இவ்வாறே என்று முடிவுகட்டுவதும் தவறு. நெல்லில் 2011இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. அங்கே ஒரு மரபணு செயலிழந்த வகைகளே போரானைப் பொறுத்தன. ஆகவே, வெளியே தள்ளுவதை 'விலக்கும் வகை' என்றும், உள்ளிருந்தும் கெடாததைத் 'தாங்கும் வகை' என்றும் பிரித்து வழங்குவோமாக. 'நஞ்சை வென்ற பயிர்' என்னும் முழக்கமும் வேண்டா. அவ்வயல்களில் உப்பு முதலிய கேடுகளும் உடனிருப்பதால், இலை கருகுவது குறைந்தும் விளைச்சல் எப்போதும் உயர்ந்துவிடவில்லை.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு வாதமா என்று சிலர் வினவலாம். வகுப்பறையில் பயிர் வெறும் பயிராக நிற்பதில்லை, அறிவுரைக்கு உவமையாகிவிடுகிறது. 'பயிரைப் பார், எத்துன்பத்தையும் வாய்திறவாது தாங்குகிறது' என்று நம்மிற் பலர் சொல்லியிருப்போம். தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பொறுமையைப் போதிக்க ஆளில்லாத குறை என்றுமே இருந்ததில்லை. பொறுமை நற்பண்பே, ஆயினும் அதற்குச் சான்றாகப் பார்லியை அழைத்தல் பொய்ச்சான்றாகும். அப்பயிர் தனக்கு வேண்டிய அளவைக் கொண்டு, வேண்டாததை வேரிலேயே மறுத்து வாழ்கிறது. உவமை சொல்ல விரும்பும் ஆசிரியர் இதனையும் சேர்த்தே சொல்லுக. பாடம் பிழையின்றி அமையும்; பிள்ளைகளும் தலைநிமிர்ந்து கேட்பர்.