மூன்றடியா, ஆறடியா?

புகழ்பெற்ற ஒருவரை எதிர்பாராமல் நேரில் கண்டவர் அதை எளிதில் மறப்பதில்லை. புகைவண்டி நிலையத்தில் ஒரு நடிகரைக் கண்டேன், திருவிழாக் கச்சேரியில் இன்ன பாடகருக்கு மிக அருகே அமர்ந்திருந்தேன் என்று சொல்லும்போது எந்த வயதினருக்கும் குரல் சற்றே உயர்ந்துவிடுகிறது. நாம் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறோம்; உள்ளூரச் சிரித்தும் கொள்கிறோம். இத்தகைய பேச்சை யாரும் இலக்கியமாகக் கருதுவதில்லை. ஆனால் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற ஒருவர், அப்பரிசுக்குரிய பேருரையையே இத்தகைய ஒரு பேச்சோடு தொடங்கியிருக்கிறார். அவ்வுரையை அண்மையில் மீண்டும் கேட்டேன். அது எழுப்பிய சில எண்ணங்களை வாசகர்முன் வைக்க விழைகிறேன்.

அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான பாப் டிலனுக்கு 2016ஆம் ஆண்டின் நோபல் இலக்கியப் பரிசு அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோமில் நடந்த விழாவுக்கு அவர் செல்லவில்லை. பரிசுத் தொகையைப் பெற வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் ஓர் உரை ஆற்றியாக வேண்டும் என்பது விதி. கெடு முடியும் தறுவாயில், 2017 ஜூன் மாதத் தொடக்கத்தில், பின்னணியில் பியானோ மெல்ல ஒலிக்க, அரைமணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான உரையொன்றைப் பதிவுசெய்து அனுப்பினார். ஹோமரின் ஒடிசியைப் பற்றியும் மெல்வில்லின் மோபி டிக் புதினத்தைப் பற்றியும் அதில் விரிவாகப் பேசுகிறார். ஆயினும் உரை தொடங்குவது காவியத்தில் அன்று. ஒரு ராக் இசை நிகழ்ச்சியில்.

பட்டி ஹாலி என்னும் பாடகரைத் தாம் ஒரே ஒரு முறை கண்டதாக டிலன் சொல்கிறார். அதற்காக நூறு மைல் பயணம் செய்தாராம். மேடையிலிருந்து ஆறடித் தொலைவில் நின்றாராம். பாடகரின் முகத்தையும், கைகளையும், தாளத்துக்கேற்பத் தட்டும் காலையும், கறுத்த பெரிய மூக்குக்கண்ணாடியையும் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அப்போது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது: ஹாலி அவர் கண்களை நேருக்கு நேர் நோக்கினார், அந்நோக்கின் வழியே எதையோ தமக்குள் செலுத்தினார், தம் உடல் சிலிர்த்தது என்கிறார். ஓரிரு நாள்களில் ஹாலி பயணம் செய்த விமானம் வீழ்ந்தது.

நல்லவர்களைக் காண்பதிலேயே ஒரு நன்மை உண்டு என்பது ஔவையாரின் மூதுரை நமக்குக் கற்பித்த எண்ணம். ஆனால் டிலன் சொல்வது தாம் கண்டதை மட்டுமன்று, தாம் காணப்பட்டதை. சைவ மரபில் இதற்கு நயன தீட்சை என்று பெயர் உண்டு. குரு ஒரு சொல்லும் சொல்லாமல் பார்வையாலேயே சீடனை ஆட்கொள்வது அது. மினசோட்டா மாநிலத்துப் பனிக்குளிரில், ஒரு படைக்கலக் கொட்டடியில் நடந்த நடன இசை நிகழ்ச்சியை அந்த முதியவர் ஒரு தீட்சையாகவே நினைவுகூர்கிறார். விசிறிகளின் வழக்கமான பேச்சிலிருந்து இவ்வுரையைப் பிரித்துக் காட்டுவது இதுவே.

இனி, இச்சான்றைச் சற்று ஆராய்வோம். இதே நிகழ்ச்சியை டிலன் 1998 பிப்ரவரியிலும் சொல்லியிருக்கிறார். அவருடைய இசைத்தொகுப்பு ஒன்று அவ்வாண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றபோது, நன்றியுரையில் ஹாலியைக் குறிப்பிட்டார். அப்போது தமக்குப் பதினாறோ பதினேழோ வயது என்றார். மூன்றடித் தொலைவில் நின்றதாகச் சொன்னார். பத்தொன்பது ஆண்டுகளில் மூன்றடி ஆறடியாகிவிட்டது. ஹாலி இறந்தபோது தமக்கு வயது ஏறத்தாழப் பதினெட்டு என்கிறது நோபல் உரை. அவர் பிறந்தது 1941 மே 24. ஹாலி டுலூத் நகரில் பாடியது 1959 ஜனவரி 31. ஆகவே சரியான வயது பதினேழு. அவர் வளர்ந்த ஹிப்பிங் நகரிலிருந்து டுலூத் ஏறத்தாழ எழுபத்தைந்து மைல், நூறு அன்று. விமானம் வீழ்ந்தது பிப்ரவரி 3 அதிகாலையில், அதாவது மூன்றாம் இரவில்.

குருமடத்தில் விவிலியம் கற்றவர்களுக்கு இத்தகைய முரண்பாடுகள் புதியவை அல்ல. பவுல் தமஸ்கு வழியில் தடுத்தாட்கொள்ளப்பட்ட வரலாற்றைத் திருத்தூதர் பணிகள் நூல் மூன்று இடங்களில் கூறுகிறது. உடன் சென்றவர்கள் குரலைக் கேட்டார்கள், ஆனால் எவரையும் காணவில்லை என்பது ஓரிடம். ஒளியைக் கண்டார்கள், குரலைக் கேட்கவில்லை என்பது மற்றோரிடம். இதைக் கொண்டு நிகழ்ச்சியே பொய் என்று தீர்ப்பது முதலாண்டு மாணவனின் அவசரம். முரண்பாடு எத்திசையில் செல்கிறது என்று பார்ப்பதே முறை. தம்மை உயர்த்திக்கொள்ள விரும்புகிறவர் தொலைவைக் குறைப்பார். ஆண்டுகள் செல்லச் செல்ல ஆறடி மூன்றடியாகும், பிறகு கைகுலுக்கலாகும். டிலனின் நினைவில் தொலைவு கூடியிருக்கிறது. எனவே அளவில் அவர் தவறினார் என்று சொல்லலாம். ஏமாற்ற முயன்றார் என்று சொல்ல இடமில்லை.

ஆயினும் இவ்வுரையின்மீது எனக்கு இரண்டு குறைகள் உண்டு.

முதலாவது, அது விட்டுவிட்ட செய்தி. ஹாலிக்கு அப்போது வயது 22; அதை உரையும் சொல்கிறது, மற்றதைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், கடுங்குளிர் காலத்தில், ஒவ்வோர் இரவும் ஓர் ஊர் என்று அக்குழு பேருந்தில் அலைந்துகொண்டிருந்தது. வண்டிகளில் வெப்பமூட்டும் கருவி சரிவர இயங்கவில்லை. டுலூத் நிகழ்ச்சி முடிந்து சென்ற அதே இரவில் பேருந்து வழியில் பழுதுபட்டு நின்றது. முரசு வாசித்த இளைஞரின் கால்கள் உறைபனியால் பாதிக்கப்பட்டு, அவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. இந்தக் குளிரிலிருந்து தப்பி அடுத்த ஊருக்கு விரைவாகச் சேரவே, அயோவா மாநிலத்துக் கிளியர் லேக் நகரில் பாடி முடித்ததும் ஹாலி சிறு விமானமொன்றை வாடகைக்கு அமர்த்தினார். அவரும், 17 வயதே ஆன ரிச்சி வேலன்ஸும், பிக் பாப்பர் என்று அழைக்கப்பட்ட ரிச்சர்ட்சனும், விமானியும் மாண்டனர். சிறுவன் ஒருவன் உடல் சிலிர்க்க வீடு திரும்பினான். அவனைச் சிலிர்க்கவைத்தவர் உறைபனிக்குள் சென்றார். கேட்டவன் பெற்றதை உரை சொல்கிறது; பாடியவர் பட்டதைச் சொல்லவில்லை. கலைஞரைத் தீட்சை தரும் குருவாகக் காணத் தொடங்கிய கண்ணுக்கு, அவர் உழைத்துக் களைத்த ஓர் இளைஞர் என்பது மறைந்துபோகிறது.

இன்னொன்றையும் கேட்கலாம். ஹாலி உண்மையிலேயே அச்சிறுவனைப் பார்த்தாரா? அவர் கடுமையான கிட்டப்பார்வை உடையவர். மேடை விளக்கின் ஒளியோ கண்ணில் விழுகிறது. அவர் நோக்கியது ஒரு முகத்தையா, இருளையா என்பதை அவர் ஒருவரே சொல்லியிருக்க முடியும். அவரோ மூன்றாம் நாள் இல்லை. விமானம் வீழாதிருந்தால் அப்பார்வைக்கு இத்தனை பொருள் கிடைத்திருக்குமா? சாவு வந்து முத்திரையிட்டதால் தற்செயல் ஒன்று தேர்ந்தெடுப்பாக மாறியது. உரையில் என்னைக் கவர்ந்தவை தட்டும் காலும் கறுத்த கண்ணாடியுமே. அவை கண்ணால் கண்டவை. செலுத்தப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த ஏதோ ஒன்று, அவற்றைப் போல என்னை நம்பவைக்கவில்லை.

இரண்டாவது குறை பெரிது. முன்பின் பார்த்திராத யாரோ ஒருவர் தம் கையில் லெட் பெல்லி என்னும் கறுப்பினப் பாடகரின் இசைத்தட்டைக் கொடுத்ததாகவும், அத்தட்டு அங்கேயே தம் வாழ்வை மாற்றியதாகவும் டிலன் தொடர்ந்து சொல்கிறார். எண்ணிப் பாருங்கள். புகழ்பெற்றவர் தந்தது ஒரு நொடிப் பார்வை. பெயரற்றவர் தந்ததோ கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருள். நாட்டார் பாடல் என்னும் பெருவழியை அந்தச் சிறுவனுக்குத் திறந்துவிட்டது அந்தத் தட்டு. பிற்காலத்து டிலனை ஆக்கிய வழியும் அதுவே. ஆனால் முன்னவருக்கு உரையில் தனிப் பகுதியே கிடைக்கிறது. பின்னவருக்குக் கிடைப்பது ஒரு வாக்கியம். அவர் ஆணா பெண்ணா, ஆசிரியரா அயலாரா என்பதுகூட நமக்குத் தெரியவில்லை. உலகமே செவிமடுத்த ஓர் உரையில் அந்தக் கைக்கு இன்னும் சிறிது இடம் தந்திருக்கலாகாதா?

மேடைக்கு எதிரே நின்ற சிறுவன், ஏழு ஆண்டுகளில் மேடைமேல் நிற்பவரானார். 1966 மே 17 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், ஃப்ரீ டிரேடு ஹால் அரங்கில் அவர் பாடினார். முதற்பாதியில் தனியே கிதாரை மீட்டிப் பாடியவர், பிற்பாதியில் மின்கிதாரோடும் இசைக்குழுவோடும் வந்தார். நாட்டார் இசைக்கு இரண்டகம் செய்துவிட்டார் என்று குமுறிய ஒருவர், அரங்கின் இருளிலிருந்து யூதாசு என்று கத்தினார். நம்மைப் போன்றோர்க்கு அந்தப் பெயரின் கனம் தெரியும். அந்த ஒலிப்பதிவு பல ஆண்டுகள் லண்டன் நிகழ்ச்சி என்ற தவறான பெயரோடு கள்ளத்தனமாக உலவி, 1998இல் முறைப்படி வெளிவந்தது. பிறகு, கத்தியவன் நானே என்று இருவர் தனித்தனியே முன்வந்தனர். 2024இல் வெளிவந்த எ கம்ப்ளீட் அன்நோன் என்னும் திரைப்படமோ அந்தக் கூக்குரலை ஓராண்டு முன்னதாக, அமெரிக்காவின் நியூபோர்ட் இசைவிழாவுக்கே மாற்றிவிட்டது. நாடகத்துக்கு அது வசதி. சான்றுக்கு அது தீங்கு. நினைவு தன்னை அறியாமல் இடம் மாறுவது வேறு. அறிந்தே மாற்றுவது வேறு.

கிளியர் லேக்கில் நடந்த இன்னொரு சிறு நிகழ்ச்சியும் இங்கே சொல்லத்தக்கது. ஹாலியின் குழுவில் இருந்த வேலன் ஜென்னிங்ஸ், காய்ச்சலாக இருந்த ரிச்சர்ட்சனுக்குத் தம் விமான இருக்கையை விட்டுக்கொடுத்தார். உங்கள் பேருந்து உறைந்துபோகட்டும் என்னும் பொருள்பட ஹாலி கேலி செய்தார். அப்படியானால் உங்கள் விமானம் விழட்டும் என்று ஜென்னிங்ஸ் விளையாட்டாகவே பதில் சொன்னார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற அவர், அச்சொல் தம்மை நெடுங்காலம் வாட்டியதாகக் கூறியிருக்கிறார். ஒரு பார்வை ஒருவரைப் பாடகராக்கியது. ஒரு கேலிச்சொல் மற்றொருவரைப் பல்லாண்டு வருத்தியது. தந்த நேரத்தில் எவரும் எடைபோட்டுத் தரவில்லை.

இவ்வளவையும் எழுத என்னைத் தூண்டியது டிலனின் உரை மட்டும் அன்று. சில மாதங்களுக்கு முன், நான் முன்பு பணியாற்றிய பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் குழந்தையின் திருமுழுக்குக்கு நாள் குறிக்க வந்திருந்தார். பேச்சினிடையே, சிறுவயதில் கோயில் பாடகர் குழுவில் கிதார் வாசித்ததாகச் சொன்னார். இப்போது வாசிப்பதில்லையா என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஒரு திருவிழாத் திருப்பலியில் அவர் தவறான சுரத்தை மீட்டிவிட்டாராம். நான் பீடத்திலிருந்து திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தேனாம். ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். அன்று மாலையே கிதாரை உறையில் போட்டுப் பரண்மேல் வைத்தவர் பிறகு எடுக்கவில்லை.

எனக்கு அந்தத் திருவிழாவே நினைவில் இல்லை. அன்று எனக்குத் தலைவலியோ, நேரம் தாழ்ந்த பதற்றமோ, அல்லது வேறு எதையோ தேடித்தான் திரும்பினேனோ, அறியேன். மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்க சாமி, சின்னப் பிள்ளையில நடந்தது" என்றார் அவர். பிறகு, தம் நினைவு எவ்வளவு தெளிவானது என்று காட்ட விரும்பியவர்போல, "பீடத்துக்கும் எங்களுக்கும் பத்தடிகூட இருக்காது சாமி, உங்க கண்ணை அப்படியே பார்த்தேன்" என்றார்.

அந்தக் கோயிலை நான் நன்கு அறிவேன். பீடத்துக்கும் பாடகர் இடத்துக்கும் இடையே முப்பதடிக்குக் குறையாது. நான் அவருடைய கணக்கைத் திருத்தவில்லை. திருமுழுக்கு நாளன்று அந்தக் கிதாரைக் கொண்டுவரும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். பார்க்கலாம் சாமி என்று சொல்லிச் சென்றிருக்கிறார்.