நாடகப் பாடமும் அரங்க அறிவும்: தமிழ்த்துறைக் கல்விமுறை குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்த்துறைகளில் நாடகம் இலக்கிய வகைகளுள் ஒன்றாகவே பெரிதும் கற்பிக்கப்படுகிறது. அவ்வாறு கற்பிக்கும்போது பனுவலின் பொருளே முழுமையாக விளங்காமல் போகிறது என்பதைச் சிலப்பதிகார அரங்கேற்று காதையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. செய்முறைக்கு இடம் தராத தேர்வுமுறையே இக்குறைக்கு முதன்மைக் காரணம் என வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: நாடகக் கல்வி, அரங்கேற்று காதை, மனோன்மணீயம், மதங்க சூளாமணி, செய்முறைத் தேர்வு.

முன்னுரை

இயல், இசை, நாடகம் என்னும் முத்தமிழைப் பெருமையோடு பேசாத தமிழ்த்துறை இல்லை. ஆயினும் இளங்கலை, முதுகலைப் பாடத்திட்டங்களில் நாடகம் பெரும்பாலும் ஒரு தாளாகவோ, இக்கால இலக்கியத் தாளின் ஓர் அலகாகவோ அடங்கிவிடுகிறது. கதைச்சுருக்கம், பாத்திரப் பண்பு, ஆசிரியர் வரலாறு ஆகியவையே வினாக்களாகின்றன. இக்கட்டுரையாளர் முதுகலையில் நாடகத் தாளில் நல்ல மதிப்பெண் பெற்றவர். ஆனால் அப்பருவம் முழுவதிலும் ஓர் உரையாடலையேனும் எழுந்து நின்று பேசியதில்லை. பேசாமலே அம்மதிப்பெண்ணைப் பெற முடிந்தது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பனுவல் மரபும் மேடை மரபும்

கல்லூரி நாடகக் கல்வியில் செல்வாக்குப் பெற்ற நூல்கள் புலமை மரபில் தோன்றியவை. பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் (1891) நடிப்பதற்கு என்பதைவிடப் படிப்பதற்கு எழுதப்பட்ட செய்யுள் நாடகமாகவே இலக்கிய வரலாறுகளில் அறிமுகமாகிறது. பரிதிமாற் கலைஞரின் நாடகவியல் (1897) நாடகத்துக்குச் செய்யுளில் இலக்கணம் வகுத்தது. விபுலாநந்த அடிகளின் மதங்க சூளாமணி (1926) உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என மூன்று இயல்களாக அமைந்து, சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு இயைத்து நோக்கியது. நடிப்புத் தொழில் இழிவாகக் கருதப்பட்ட காலத்தில் நாடகத்தைக் கற்றோர் அவைக்கு உரியதாக்கிய இப்பணி குறைத்து மதிப்பிடத்தக்கதன்று.

அதே காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) சிறுவர்களைப் பயிற்றி மேடையேற்றினார். 1918இல் மதுரையில் அவர் ஆசிரியராக அமைந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை ஒருவகையில் நாடகப் பள்ளியே ஆகும். பாட்டு, உச்சரிப்பு, மேடை நடை, நேரம் தவறாமை ஆகியவை அங்கு உடலால் கற்கப்பட்டன. பாடத்திட்டம் முதல் மரபை ஏற்றுக்கொண்டது. இரண்டாவதை வரலாற்றுக் குறிப்பாகச் சுருக்கிவிட்டது. சுவாமிகளின் நாடகப் பட்டியலை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். அவர் கற்பித்த முறை எது என்னும் வினா எழுவதில்லை.

அரங்கேற்று காதை: ஓர் அளவைச் சோதனை

மேடையறிவு இல்லாமையால் பனுவலறிவும் குறைகிறது என்பதற்கு அரங்கேற்று காதை தக்க சான்று. மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவரின் தகுதிகள் கூறப்படுகின்றன. அரங்கின் அளவும் தரப்படுகிறது. கோல் ஒன்றுக்கு விரல் 24, அகலம் 7 கோல், நீளம் 8 கோல், மேடையின் உயரம் 1 கோல், மேடைப் பலகைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல், வாயில்கள் இரண்டு. வகுப்பறையில் இவை இரு மதிப்பெண் வினாவுக்கான எண்களாகவே நின்றுவிடுகின்றன.

இக்கட்டுரையாளரும் உடன் ஆய்வாளர் சிலரும் இவ்வளவுகளைத் துறைத் தாழ்வாரத்தில் சுண்ணக்கட்டியாலும் கயிற்றாலும் வரைந்து பார்த்தோம். உரைமரபைப் பின்பற்றி விரலைப் பெருவிரலாகக் கொண்டு, அதன் அகலத்தை 2 செ.மீ. எனக் கணக்கிட்டால் கோல் 48 செ.மீ. ஆகிறது. அகலம் 3.36 மீ., நீளம் 3.84 மீ., இடைவெளி 1.92 மீ. அவ்வுயரத்தில் கட்டிய கயிற்றில், கையைத் தலைக்கு மேல் தூக்கிய மாணவியின் மணிக்கட்டு இடித்தது. விரலை 2.5 செ.மீ. எனக் கொண்டால் இடைவெளி 2.40 மீ. ஆகிறது, கை தடையின்றி உயர்கிறது.

அக்கணமே வினாக்கள் பிறந்தன. கோலின் நீளம் நாம் கருதுவதைவிடப் பெரிதா? அல்லது அவ்வாடல் முழங்கால் மடித்துத் தாழ்ந்த நிலையில் நிகழ்ந்ததா? பன்னிரண்டு வயதுச் சிறுமியின் உயரத்துக்கு முதல் அளவே போதுமானதா? வலக்காலை முன்வைத்து ஏறி வலப்பக்கத் தூணருகே நிற்பது வழக்கு என்று காதை கூறுகிறது. அந்த வலம் ஆடுபவளுக்கா, அவையோருக்கா? இவற்றுக்கு இச்சோதனை விடை தந்துவிடவில்லை. ஆனால் பலமுறை படித்தும் எழாத ஐயங்கள் ஒருமுறை நின்று பார்த்ததும் எழுந்தன. இது கலைநிகழ்ச்சிப் பயிற்சியன்று. பனுவலாய்வின் ஒரு முறையே ஆகும்.

தேர்வும் கல்வியும்

தமிழகச் சூழலில் அரங்கக் கல்வி இல்லாமலில்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியிலும் அது உயர்கல்வியாக வளர்ந்துள்ளது. எனினும் பள்ளிச் சிறப்பாசிரியர் பணிகள் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி எனப் பழகிய வட்டத்துக்குள் அமைவதால், நாடகம் பயின்றோர் பள்ளிக்குள் நுழையும் வழி குறுகியது. நாடகத்தைக் கற்பிக்கும் பொறுப்பு நடைமுறையில் தமிழாசிரியர்மேல் விழுகிறது; அவர்களை உருவாக்கும் தமிழ்த்துறையோ மேடையை அறிமுகப்படுத்துவதில்லை.

இலங்கையில் நிலை வேறு. அங்குப் பள்ளிப் பாடத்தின் பெயரே ‘நாடகமும் அரங்கியலும்’ என்பதாகும். பொதுத் தேர்வில் செய்முறையும் உண்டு. 1960களில் பேராதனையில் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றிய மரபு இதற்கு முன்னோடி. பனுவலும் அரங்கும் ஒரே பாடத்துக்குள் அமைய இயலும் என்பதற்கு இது அண்மையிலுள்ள சான்று.

இதற்கு இரு மறுப்புகள் எழலாம். தமிழ்ப் பேராசிரியர் அரங்கப் பயிற்சி பெற்றவரல்லர் என்பது முதலாவது. அவர் நடிகரை உருவாக்க வேண்டியதில்லை. ஒரு காட்சியை இருவிதமாகப் பேசச் செய்து, பொருள் எங்கே மாறுகிறது என்று கேட்டால் போதும். செய்முறை கல்லூரி விழா நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடும் என்பது இரண்டாவது. இவ்வச்சம் நியாயமானதே. எனவே மதிப்பெண் நடிப்புத் திறனுக்கு வழங்கப்படாமல், மாணவர் தாம் எடுத்த முடிவுகளுக்குப் பனுவலிலிருந்து காரணம் காட்டும் எழுத்துக் குறிப்புக்கு வழங்கப்பட வேண்டும்.

முடிவுரை

நாடகத் தாளின் அகமதிப்பீட்டில் ஒரு பகுதியைச் செய்முறைக்கு ஒதுக்குவது பெருஞ்செலவு கோரும் சீர்திருத்தமன்று. பாடக்குழு ஒன்றின் தீர்மானமும், சிறிது சுண்ணக்கட்டியும் கயிறும் போதும். மாதவிக்கு ஆசிரியர் அறுவர் தேவைப்பட்டனர் என்று கற்பிக்கும் நாம், அவள் நின்ற மேடையின் அளவில் மாணவரை ஒருமுறையேனும் நிற்கச் செய்தல் வேண்டும். அதுவரை முத்தமிழுள் மூன்றாவது நம் துறைகளில் பெயரளவிலேயே நிற்கும்.